மலை வீட்டுப் பூஞ்சையும் நிற்காத இருமலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்துவிட்டால் கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் துணி காய்வதில்லை. அங்கே மழை ஓய்ந்து கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். ஆக, நீலகிரியில் ஏதாவது ஒரு பக்கம் சுவர் ஓதம் காத்துக்கொண்டேதான் இருக்கிறது. பீரோவை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். பின்சுவரில் கரும்புள்ளிகள், அடிப்பலகையில் பச்சையும் சாம்பலுமாகப் பொடி, உள்ளே மடித்து வைத்த பட்டுப்புடவையில் வெள்ளைப் பூப்பு. இதோடு வாழ நாம் பழகிவிட்டோம். பழகிப்போன விஷயம் என்பதால் டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை, பல டாக்டர்கள் கேட்பதும் இல்லை. முதல் தவறு அதுதான்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் 2 முதல் 3 மைக்ரான் அளவுதான். எல்லோரும் அன்றாடம் அவற்றைச் சுவாசிக்கிறோம், நல்ல உடம்பு அவற்றை வெளியேற்றிவிடுகிறது. சுவர்ப் பூஞ்சையால் பெரும்பாலானவர்களுக்கு வருவது தும்மல், மூக்கடைப்பு, வீசிங், அவ்வளவுதான். ஆபத்து வேறு சிலருக்கு: ஆஸ்துமா உள்ளவர்கள், முன்பு காசநோய் வந்து நுரையீரலில் பள்ளம் விழுந்தவர்கள், புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதல்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. அதிலுள்ள 19-இல் மிக அவசரமானவை என்று பிரித்த நான்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸும் ஒன்று.

சுவரில் கறுப்பாக இருப்பதைப் பார்த்து ‘கறுப்புப் பூஞ்சை நோய்’ வந்துவிடும் என்று பதறுவதும் தவறு. 2021 கொரோனா இரண்டாம் அலையில் நாடு முழுக்க 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கிய மியூக்கர்மைகோசிஸ் வேறு வகைப் பூஞ்சையால் வருவது. மண்ணிலும் மக்கும் பொருள்களிலும் இருப்பது அது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும்தான் அதற்கு வழி திறந்துவிட்டன. சர்க்கரை நோயாளிக்கு முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலியோ மரமரப்போ, கண் வீக்கமோ, பொருள்கள் இரண்டாகத் தெரிவதோ, மூக்கில் கறுப்புப் பொருக்கோ, பல் ஆட்டமோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதில் ஒரு நாள் தாமதமும் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

எஸ்டேட் பக்கத்தில் என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. பல வருடம் முன்பு காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர், லைன் வீட்டில் இருப்பவர், மூன்று நான்கு மாதமாக இருமுகிறார். எடை குறைகிறது, சளியில் ரத்தம் வருகிறது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் ‘டிபி திரும்பிவிட்டது’ என்று மறுபடி மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். சளியில் கிருமி இருக்கிறதா என்று உறுதியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறிய காசநோய் விட்டுச்சென்ற பள்ளத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் குடியேறி உருண்டையாக வளர முடியும். அறிகுறிகள் அச்சு அசல் காசநோய் போலவே இருக்கும், ஆனால் காசநோய் மாத்திரை அதைத் தொடாது. மாதங்கள் போகும், ரத்தம் நிற்காது, ‘மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்’ என்ற பழியும் நோயாளி தலையில் விழும். இது பெரிய அநியாயம்.

அதற்காக, இருமலைப் பூஞ்சை என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் முதலில் காசநோய்ப் பரிசோதனைதான். அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் அல்லது ட்ரூநாட் முறையில் சளியை இலவசமாகப் பார்க்கிறார்கள். அதில் கிருமி இல்லை, இருமலும் நிற்கவில்லை என்றால், “பூஞ்சையாக இருக்குமா, ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி ரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் தேவைப்படுமா?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கைநிறைய ரத்தம் வந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஆஸ்துமாக்காரர்களின் கதை இன்னொரு மாதிரி. இன்ஹேலரை ஒழுங்காக இழுத்தும் வீசிங் அடங்கவில்லை, பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகச் சளி வருகிறது என்றால் அது ஆஸ்பெர்ஜில்லஸ் ஒவ்வாமையாக இருக்கலாம். ஐஜிஇ ரத்தப் பரிசோதனையில் துப்பு கிடைக்கும். ஆனால் நடப்பது என்ன? மருந்துக்கடையில் “போன தடவை கேட்ட அந்தச் சின்ன மாத்திரை” என்று ஸ்டீராய்டு வாங்குகிறோம். இரண்டே நாளில் மூச்சு லேசாகும், அடுத்த மழைக்கு மறுபடி வாங்குவோம். இப்படிப் பல வருடம் போனால் சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும், சாதாரணப் பூஞ்சைக்கும் உடம்பு இடம் கொடுத்துவிடும். ஸ்டீராய்டே விஷம் என்று சொல்லவில்லை. இந்த ஒவ்வாமைக்கு டாக்டரே அதைத்தான் எழுதுவார், அளவும் நாளும் குறித்து. நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்ஹேலரில் இருப்பது மிகக் குறைந்த அளவு, அதற்குப் பயந்து அதை நிறுத்தாதீர்கள்.

சரி, நோய் பூஞ்சைதான் என்று தெரிந்து இட்ராகோனசோல் கேப்சூல் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். இங்கேயும் கோட்டை விடுகிறோம். வழக்கமான கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உடம்பில் சேராது. கூடவே கேஸுக்கு என்று பான்டோபிரசோல் போட்டால் இன்னும் மோசம், வயிற்றில் அமிலம் குறைந்தால் இந்த மருந்து கரையாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதன் அளவை ரத்தத்தில் அடியோடு குறைத்துவிடும். இதய பலவீனம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், கால் வீங்கினாலும் சொல்ல வேண்டும். பள்ளத்தில் வளர்ந்த பூஞ்சைக்குச் சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். இருமல் குறைந்ததும் இரண்டாம் மாதத்திலேயே விட்டுவிடுவது மருந்துக்கு அடங்காத பூஞ்சையை நாமே வளர்ப்பது.

வீட்டு வேலையில் பெரிய தவறு, பூஞ்சைமேல் பெயின்ட் அடிப்பது. உடைந்த ஓடு, ஒழுகும் தகரம், மண்மேடு சாய்ந்து நிற்கும் பின்சுவர் என்று தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் என்ன பூசினாலும் அடுத்த மழையில் உரிந்துவரும். காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்து முழுக்க அறைக்குள் பறக்கும். முகத்துக்கு என்95 மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அந்த வேலையை ஆஸ்துமாக்காரர் செய்யக் கூடாது, பக்கத்தில் நிற்கவும் கூடாது. ப்ளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்தால் விஷ வாயு கிளம்பும். பூத்துப்போன பஞ்சு மெத்தையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள். குளிர் என்று ஜன்னலை நாள் முழுக்கச் சாத்தி வைக்காமல் வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்திலாவது திறந்து வையுங்கள். ஈர விறகைப் படுக்கும் அறையில் அடுக்காதீர்கள், பட்டையில் பூஞ்சை நிறைய இருக்கும். பட்டன் காளான் கூடாரத்திலோ பூசணம் பிடித்த வைக்கோலிலோ வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் காய்ச்சலும் மூச்சுமுட்டலும் வந்தால் அது தொற்றாகவே இருக்க வேண்டியதில்லை, நுரையீரல் ஒவ்வாமையாக இருக்கலாம். வேலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரிய பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் இறங்க வேண்டும் என்றால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும். அதனால் வெறுங்கையோடு போகாதீர்கள். பழைய எக்ஸ்ரேக்கள், காசநோய் சிகிச்சை அட்டை, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகள், சர்க்கரை ரிப்போர்ட், இவற்றோடு அந்தப் பீரோவுக்குப் பின்னால் உள்ள சுவரைச் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் டாக்டருக்கு, பள்ளத்துக்குள் புதிதாக ஏதாவது வளர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபமாகும்.