காமெடித் தொடர் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்: கார்ல் ரைனரின் பாதையிலிருந்து

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடிப்பு, எழுத்து, தயாரிப்பு, அப்புறம் சினிமா இயக்கம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர் கார்ல் ரைனர். 1922இல் பிறந்து, 2020இல் 98 வயதில் மறைந்தார். தொலைக்காட்சிக்கோ இணையத்துக்கோ காமெடித் தொடர் எழுத ஆசைப்படுகிறவர்கள் அவருடைய பாதையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நம்மில் பலர் சறுக்கும் இடத்தில்தான் அவரும் முதலில் சறுக்கினார்.

நான் எழுதினேன், அதனால் நான்தான் நடிக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் அந்த இடம். 1950களில் சிட் சீசர் என்ற காமெடி நடிகரின் டிவி நிகழ்ச்சிகளில் நடித்துக்கொண்டே எழுத்தாளர்களோடும் உட்கார்ந்தவர் ரைனர். அந்த அனுபவத்தை வைத்தே ஒரு தொடரை உருவாக்கினார். நாயகன், ஒரு டிவி காமெடி நிகழ்ச்சிக்கு எழுதுகிறவன். பகலில் நியூயார்க்கில் வேலை, மாலையில் பக்கத்து ஊரான நியூ ரோஷல் வீட்டில் மனைவி, மகன். ரைனரும் அதே ஊரில்தான் குடியிருந்தார். போனி மெடோ சாலையில் அவர் வீட்டு எண் 48, நாயகன் வீட்டு எண் 148. அவ்வளவு நெருக்கமான கதை என்பதால் நாயகனாக அவரே நடித்தார். வெள்ளோட்டமாக எடுத்த பைலட் எபிசோட் 1960இல் ஒளிபரப்பானது. தொடராக எடுக்க யாரும் முன்வரவில்லை.

தயாரிப்பாளர் ஷெல்டன் லியோனார்ட் அந்தக் கதைகளைப் படித்துவிட்டு, எழுத்தில் குறையில்லை, நடிகரை மாற்றினால் போதும் என்றார். உன் சொந்த வாழ்க்கைக் கதையில் நீ பொருந்தவில்லை என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு வலிக்கும்! ரைனர் ஒப்புக்கொண்டார். நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் நடித்துக்கொண்டிருந்த டிக் வேன் டைக் நாயகனானார், மேரி டைலர் மூர் மனைவியானார். 1961இல் ‘தி டிக் வேன் டைக் ஷோ’ தொடங்கியது. ரைனர் தனக்கென்று வைத்துக்கொண்டது எப்போதாவது தலைகாட்டும் முதலாளி ஆலன் பிரேடி வேடம் மட்டும். அதிலும் ஆரம்பத்தில் முகத்தைக் காட்டவே இல்லை, முதுகும் குரலும்தான்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். பைலட் எடுப்பதற்கு முன்பே ரைனர் 13 எபிசோடுகளை எழுதி முடித்திருந்தார். ஒரே ஒரு எபிசோடை மெருகேற்றிக்கொண்டு வாய்ப்பு தேடி அலைகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். முதல் எபிசோடுக்கு எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். ஏழாவது எபிசோடுக்கு என்ன கதை என்று கேட்டால்தான் தொடர் நிற்குமா, நிற்காதா என்று தெரியும். கைவசம் 13 கதை இருந்ததால்தான் நடிகரை மாற்றினால் போதும் என்று லியோனார்டால் சொல்ல முடிந்தது.

முதல் வருடம் ரேட்டிங் வரவில்லை, ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி தொடரை நிறுத்த முடிவு செய்தது. லியோனார்ட் சின்சினாட்டி போய் விளம்பரதாரரான பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்திடம் பேசி அதைக் காப்பாற்றினார். எழுத்தாளர் தயாரிப்பாளராகவும் இருந்தால் இந்த வேலைக்கும் ஆள் வேண்டும். எழுதுவது மட்டும்தான் என் வேலை என்று ஒதுங்கினால், நல்ல தொடரும் முதல் வருடத்தோடு போய்விடும்.

அடுத்தது, யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறோம் என்று யோசிக்காமல் எழுதுவது. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1963இல் வந்த ஓர் எபிசோடில், ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிவிட்டது என்று நாயகன் ராப் பெட்ரி முடிவு கட்டிவிடுகிறான். பக்கத்து அறைத் தம்பதியின் பெயர் பீட்டர்ஸ். பெட்ரிக்கு வர வேண்டிய பூ அங்கே போகிறது, அங்கே போக வேண்டியது இங்கே வருகிறது. போதாதா? அந்தத் தம்பதியை வீட்டுக்கே வரவழைக்கிறான். கதவைத் திறந்தால் கறுப்பினத் தம்பதி நிற்கிறார்கள். படப்பிடிப்பைப் பார்க்க அரங்கத்தில் இருந்தவர்களின் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. கறுப்பினத்தவரைக் கேலி செய்வதாகிவிடுமோ என்று எடுப்பதற்கு முன் பயந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் காட்சியில் அசடு வழிகிறவன் ராப் மட்டும்தான். போனிலேயே விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், உங்கள் முகம் போகும் போக்கைப் பார்க்கும் வாய்ப்பை விடுவதா என்கிறார் வந்தவர். அடிபடுகிறவன் ராப், கடைசிச் சிரிப்பு வந்தவருக்கு. நம் காமெடியில் நிறத்தையும் உடம்பையும் வைத்து எழுதும் முன் இந்தக் காட்சியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்தந்த வாரத்துச் செய்தியையும் அன்றைய தெருப் பேச்சையும் வசனத்தில் திணிப்பதும் தவறுதான். ரைனர் அந்தக் காலத்துக் கொச்சைச் சொற்களை வேண்டுமென்றே தவிர்த்தார். மறுஒளிபரப்பில் பழசாகத் தெரியக்கூடாது என்பது அவர் கணக்கு. இன்றைய மீம் வசனம் அடுத்த தீபாவளிக்குள் யாருக்கும் புரியாது. அதேபோல, ஓடுகிறது என்பதற்காக இழுக்கவும் கூடாது. 5 சீசன், 158 எபிசோடு, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது 15, போதும் என்று 1966இல் அவர்களே முடித்துக்கொண்டார்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் தானே எழுதுவது. முதல் சீசனின் பெரும்பகுதியை ரைனர் எழுதினார். இப்படியே போனால் ஆள் தேய்ந்துவிடுவார், வசனமும் ஒரே குரலில் ஒலிக்கும். அதனால் இளைஞர்களை உள்ளே விட்டார். குழந்தை மாறிய கதை பில் பெர்ஸ்கி, சாம் டெனாஃப் என்ற இருவர் எழுதியது. கேரி மார்ஷலும் ஜெர்ரி பெல்சனும் இணைந்து வேறு எபிசோடுகளை எழுதினார்கள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டராக நடித்த ஜெர்ரி பாரிஸ் எபிசோடுகளை இயக்கவும் தொடங்கினார். 1974இல் கேரி மார்ஷல் ‘ஹேப்பி டேஸ்’ தொடரை உருவாக்கியபோது, அதன் பெரும்பாலான எபிசோடுகளை இயக்கியவர் அதே ஜெர்ரி பாரிஸ்.