நீச்சல் தடாகத்தைத் தாமரைக் கேணி ஆக்குவது எப்படி? – மட்டக்களப்பு மணலுக்கு ஏற்ற முறை

மச்சான் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது கல்லடியில் வீட்டோடு சேர்த்து ஒரு நீச்சல் தடாகமும் கட்டினார். 24 அடி நீளம், 12 அடி அகலம். ஆழம் ஒரு பக்கம் மூன்றரை அடி, மறுபக்கம் ஐந்தரை. பிள்ளைகள் சில வருடம் குதித்தார்கள். பிறகு படிக்க வெளியூர் போய்விட்டார்கள். மிஞ்சியது குளோரின் வாளியும், தண்ணீரில் மிதக்கும் தென்னம்பூவும், மாதா மாதம் வரும் கரண்ட் பில்லும்தான். ஒருநாள் அக்கா கேட்டார்: “இதுக்குள்ள தாமரை வளக்க ஏலாதா?”

ஏலும். உடைக்கவும் தேவையில்லை. நீர் கசியாத பெரிய தொட்டி ஏற்கனவே இருக்கிறது. குளம் கட்டுவதில் செலவான பகுதியே அதுதான். செய்ய வேண்டியது, அதில் பாதியைக் கல்லால் உயர்த்திச் செடிக்குக் கொடுப்பது. நாங்கள் செய்த விதத்தையும் செய்த பிழையையும் எழுதுகிறேன். உங்கள் தடாகத்தின் அளவு வேறாக இருந்தால் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: கிணற்றை அளப்பது

தடாகத்தில் கைவைக்க முன் கிணற்றுக்குப் போங்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நிலமட்டத்திலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில் கையால் தோண்டினாலே பூவல், அதாவது சின்ன ஊற்றுக்குழி, ஊறும் இடங்கள் உண்டு. மாரியில் கிணறு கிட்டத்தட்ட வாய் வரைக்கும் வந்துவிடும்.

நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது தடாகத்தை வெறுமையாக்கினால் அது தோணி மாதிரி மேலே எழும்பப் பார்க்கும். எங்கள் தடாகத்தின் அடிப்பரப்பு 288 சதுர அடி. அடித்தளத்துக்கு மேலே நிலத்தடி நீர் ஒரு அடி உயர்ந்தாலே ஏறக்குறைய 8 தொன் எடையைத் தூக்கும் விசை கீழிருந்து வரும். மூன்று அடி உயர்ந்தால் 24 தொன். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. அதை இறைத்துவிட்டால் தரை வெடிக்கும், அல்லது தடாகமே ஒரு பக்கம் கிளம்பும். மாரியில் கழுவப் போய்த் தரையைப் பிளந்துகொண்ட வீடு ஒன்றை எனக்குத் தெரியும். மேசனைக் கூப்பிட்டுப் பூசினார்கள், அடுத்த மாரிக்குத் திரும்பவும் அதே கதை.

ஆகவே வேலையைக் கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தொடங்குங்கள். கிணற்று நீர் தடாகத்தின் அடியை விடக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் கல்வேலையும் நடுகையும் முடிந்துவிட வேண்டும்.

குளோரினை வெயிலிடம் விடுங்கள்

மருந்து போடுவதை நிறுத்துங்கள், மூடியிருந்தால் திறந்துவிடுங்கள். சாதாரண குளோரின் நம் வெயிலுக்குச் சில நாளில் போய்விடும். வெயிலில் அழியாதபடி செய்த வில்லைகளைப் போட்டு வந்திருந்தால் இரண்டு மூன்று கிழமை கூட எடுக்கலாம். தடாகத்துக்கு விற்கும் சோதனைக் கீலம் வாங்கி, குளோரின் பூச்சியம் என்று காட்டும் வரை பொறுங்கள்.

பாசி கொல்ல செம்பு கலந்த மருந்து ஊற்றியிருந்தால் கதை வேறு. செம்பு ஆவியாகாது, அது மீனையும் நத்தையையும் கொல்லும். அந்தத் தண்ணீரை முழுதாக வெளியேற்றத்தான் வேண்டும். கிணறு வற்றிய நாட்களில் மட்டும் அதைச் செய்யுங்கள். களப்புக்கோ தோணாவுக்கோ போகும் வாய்க்காலில் விட வேண்டாம். உப்புக் குளோரின் தடாகமும் இதே போலத்தான். தாமரை உப்பைத் தாங்காது.

பாதி இறைத்து வேலை செய்வது

எங்கள் தடாகத்தில் செம்பு மருந்தோ உப்போ இல்லை. அதனால் ஆழமான முனையில் இரண்டு அடி நிற்கும்வரை மட்டும் மோட்டர் வைத்து இறைத்தோம். ஆழம் குறைந்த பக்கத்தின் தரை தெரிந்தது, நடுவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். நின்று வேலை செய்ய இது போதும், பாரமும் உள்ளே இருக்கும். இறைத்த தண்ணீரைத் தென்னைகளுக்கு மாற்றி மாற்றி விட்டோம்.

தண்ணீர் இறங்கியதும் கவனிக்க வேண்டிய இடம் சுவரில் இருக்கும் சருகு உறிஞ்சும் பெட்டி. அதற்குள்ளும் பழைய குழாய்களுக்குள்ளும் தெளிந்த தண்ணீர் நிழலில் அசையாமல் நிற்கும். டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. பெட்டியைச் சீமெந்து வைத்து மூடுங்கள், குழாய்களின் வாயை அடையுங்கள். ஊரில் பலர் குளம் என்றதும் நுளம்புக்குப் பயப்படுகிறார்கள். மீன் ஓடும் குளத்தில் கூத்தன் புழு, அதாவது நுளம்புக் குஞ்சு, பிழைப்பது அரிது. இந்த மாதிரி ஒளிந்த பெட்டிகளும் வெறும் பூச்சட்டிகளும்தான் ஆபத்து.

பாதியை நிரப்புவது

இதுதான் முதுகு நோகும் கட்டம். தடாகத்தின் நடுவில், குறுக்காக, பெரிய கருங்கற்களைச் சீமெந்து இல்லாமல் அடுக்கி ஒரு தாழ்ந்த சுவர் எழுப்புங்கள். அடி அகலமாகவும் மேலே போகப் போக ஒடுங்கியும் இருக்கட்டும். அந்தச் சுவருக்கும் ஆழம் குறைந்த முனைக்கும் இடையிலான பகுதிதான் செடிகளின் இடம்.

அங்கே கல் கொட்ட முன், தரையில் மூன்று அங்குலக் குழாய் ஒன்றைப் படுக்கப் போடுங்கள். அதில் ஒரு சாணுக்கு நாலைந்து துளை இருக்க வேண்டும். அதன் ஒரு முனை சுவருக்கு வெளியே, ஆழமான பக்கத்துக்கு வரட்டும். குழாய்க்கு மேல் இரண்டு அடி உயரத்துக்கு முட்டைக்கல் அளவான கற்கள், அதற்கு மேல் முக்கால் அங்குலக் கல், கடைசியாக ஆறு அங்குலம் கழுவிய ஆற்றுமணல். தண்ணீர் நிறைந்தபின் மணலுக்கு மேல் அரை அடி, ஓரங்களில் அதைவிடக் குறைவு என்று நிற்க வேண்டும்.

எங்களுக்கு எல்லாமாக நாலு கியூபுக்குக் கிட்டப் பிடித்தது. ஒரு கியூப் 100 கன அடி. மணலை பெர்மிட் உள்ள ஆளிடம் எடுங்கள். உடைத்த சீமெந்துக் கட்டி சும்மா கிடைக்கிறது என்று கொட்டாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்பு தண்ணீரைக் காரமாக்கிவிடும். முருகைக்கல்லும் அப்படித்தான். அதைத் தோண்டி எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

இனி எங்கள் பிழை. மணலுக்கு மேல் “கொஞ்சம் சத்து இருக்கட்டும்” என்று வளவு மண்ணோடு மாட்டெருவைக் கலந்து இரண்டு பெட்டி போட்டேன். பத்தாம் நாள் தண்ணீர் பட்டாணிக் குழம்பு மாதிரி ஆனது, நாற்றம் வேறு. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன மனே, காசு குடுத்துக் கட்டினதுக்குள்ள சேத்தக் கரைச்சு வெச்சிருக்காய்?” என்றார். வாளி வாளியாக அள்ளி வெளியே எடுக்க மூன்று நாள் போனது. குளத்துச் செடிக்கு எரு வேண்டாம். மீன் கழிவும் விழும் இலையும் தாராளம்.

மோட்டர்

மணிக்கு 2,000 முதல் 2,500 லீற்றர் தள்ளும் சின்ன நீர்மூழ்கி மோட்டர் ஒன்று போதும். அதை, வெளியே நீட்டிய அந்தக் குழாயில் பொருத்துங்கள். ஆழமான பக்கத்துத் தண்ணீர் கல்லுக்கு அடியில் போய், கல்லும் வேரும் வழியாக மேலே ஊறி, சுவரைத் தாண்டித் திரும்பி வரும். கல்லில் ஒட்டி வாழும் பக்டீரியாக்கள் மீன் கழிவிலுள்ள அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும், அதைச் செடி உறிஞ்சும். வடிகட்டி என்று தனியாக வேறொன்றும் தேவையில்லை.

எங்கள் மோட்டர் 40 வாட். இரவு பகல் ஓடினாலும் நாளுக்கு ஒரு யூனிட்டுக்குள்தான். பழைய தடாக மோட்டர் ஒரு குதிரைவலு, எட்டு மணித்தியாலம் ஓடினால் ஆறு யூனிட். கரண்ட் பில்லைப் பார்த்த பிறகுதான் மச்சான் முழு மனதாக இந்தப் பக்கம் வந்தார். இரவில் நிறுத்த வேண்டாம். பக்டீரியாவுக்கு ஒட்சிசன் ஓயாமல் வேண்டும். வயரிங்கை மின்சாரம் படித்தவரைக் கொண்டு, ட்ரிப் சுவிச்சோடு செய்வியுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தண்ணீர்

கல் போட்ட பிறகு எங்களுக்குத் தேவைப்பட்டது சுமார் 20,000 லீற்றர். கொஞ்சம் பழைய தண்ணீர், கொஞ்சம் கிணற்று நீர், மீதி மழை. கடலோரக் கிணறு கோடையில் உவர்க்கும். நாக்கில் வைத்துப் பாருங்கள், சவர்க்காரம் நுரைக்கிறதா என்றும் பாருங்கள். உவர் என்றால் செடிக்கு வேண்டிய அளவு மட்டும் விட்டு மழைக்குக் காத்திருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் 93 லீற்றர். 200 மில்லிமீற்றர் பெய்தால் பெரும்பாலும் நிறைந்துவிடும். பீலியிலிருந்து ஒரு குழாயை இழுத்து விடுங்கள், முதல் மழையின் அழுக்கு நீரை மட்டும் வெளியே போக விட்டு.

செடிகள்

தாமரையை நேரடியாக மணலில் நடவே வேண்டாம், ஒரு வருடத்தில் குளத்தை வாங்கிவிடும். துளையில்லாத இரண்டு அடி அகலப் பாத்திரத்தில் வயல் களிமண் நிரப்பி, கிழங்கைக் கிடையாக, முளை மேலே தெரிய வைத்து, மேலே கூழாங்கல் பரப்பி இறக்குங்கள். முதலில் முளைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர், இலை எழும்ப எழும்ப ஆழத்துக்கு நகர்த்தலாம். நீலோற்பலத்தையும் இப்படிப் பாத்திரத்திலேயே நடலாம். நம் நாட்டின் தேசிய மலர் வீட்டு வளவில் பூப்பதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்கிறது.

மணற் பகுதியில் பன், கோரை, வசம்பு. தண்ணீரைச் சுத்தம் செய்வது உண்மையில் இவைதான், தாமரை படத்துக்கு. களப்புக்கு மேற்கே, படுவான்கரையில் வயலோரம் பன் தாராளமாக நிற்கும், சொந்தக்காரரிடம் கேட்டு நாலு பிடி வேரோடு எடுத்தால் ஆறு மாதத்தில் பாய் இழைக்கும் அளவு வரும். ஓரங்களில் வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன். கங்குன் வேகமாக ஓடும், கிழமைக்கு ஒருமுறை வெட்டிக் கறியாக்கினால் சரி. வெட்டி வெளியே எடுக்கும் ஒவ்வொரு பிடியோடும் தண்ணீரின் அதிகச் சத்தும் வெளியே போகிறது.

ஆற்றுவாழையும் சல்வீனியாவும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மாரியில் வழிந்து வாய்க்காலுக்குப் போனால் ஊர்க்குளத்தையே மூடிவிடும்.

மீன்

குளோரின் பூச்சியமானதும் மீன் போட்டுவிட வேண்டும், பிந்தினால் நுளம்பு முந்திவிடும். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். முதலில் ஐந்து மீன் விட்டு இரண்டு நாள் பாருங்கள். உயிரோடு ஓடினால் ஒரு இருபது முப்பது விடலாம்.

கப்பி எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் அது வெளிநாட்டு மீன். எனக்குப் பிடித்தது வயல் வாய்க்கால்களில் மேல்மட்டத்திலேயே நிற்கும், தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த சிறு மீன். கூத்தன் புழுவை அது தேடித் தேடித் தின்னும். திலாப்பியா வேண்டாம், பெருகி வேரைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும். 2011 ஜனவரியில் வெள்ளம் வளவுகளுக்குள் ஏறியதை நினைத்துக்கொண்டு மீனைத் தெரிவு செய்யுங்கள்: குளத்தில் இருப்பது ஒருநாள் களப்புக்குப் போகலாம்.

பச்சைத் தண்ணீர்

மூன்றாம் கிழமை தண்ணீர் பச்சையாகும். எருவே போடாவிட்டாலும் ஆகும். செடி இன்னும் வேர் பிடிக்கவில்லை, வெயில் நேரே அடிக்கிறது, பாசிக்குக் கொண்டாட்டம். அந்த நேரத்தில் கை குளோரின் வாளிக்குப் போகும். வாளியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தண்ணீரையும் மாற்ற வேண்டாம், புதுத் தண்ணீர் பாசிக்குப் புதுச் சாப்பாடு. இலைகள் நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கை மூடியதும் தானாகத் தெளியும். எங்களுக்கு ஏழு கிழமை எடுத்தது.

கரையும் தோட்டமும்

விளிம்பிலிருந்து அரை அடி கீழே சுவரில் துளையிட்டு, மூன்று அங்குல வழிகுழாய் வையுங்கள், வாயில் வலை கட்டி. கார்த்திகை மழையில் வழியும் நீர் பக்கத்து வளவுக்குப் போனால் சண்டைதான் வரும். நாங்கள் அதை ஒரு வாழைப்பாத்திக்கு விட்டோம், மணல் குடித்துவிடுகிறது. ஈரம் நிற்கும் இடத்தில் ரம்பை நட்டிருக்கிறோம். முருங்கையைக் குளத்தோரம் வைக்காதீர்கள், பொடி இலை மோட்டரை அடைக்கும்.

டைல் பதித்த செங்குத்துச் சுவரில் அணிலோ தவளையோ விழுந்தால் ஏற முடியாது. ஆழமான பக்கத்து மூலையில் கற்களைச் சரிவாக அடுக்கி ஒரு ஏறுவழி விடுங்கள். சின்னப் பிள்ளைகள் வரும் வீடென்றால் வேலி கட்டாயம். ஆழமான பகுதிக்கு நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இரும்புக் கம்பி வலையும் போட்டால் மனம் ஆறும். பெரியவர்களும் காலில் காயத்தோடு இறங்க வேண்டாம், எலி நடமாடும் வளவில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு.

மாசியில் மழை விட்டதும் பழுத்த இலைகளைக் கத்தரித்து அள்ளுங்கள், மோட்டரைக் கழுவுங்கள். ஆனியில் மறுபடி கச்சான் தொடங்கும்போது நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானாலும் இந்த அளவுக் குளத்தில் 130 லீற்றர் போகும். நாலு நாளுக்கு ஒருமுறை கிணற்று நீரை மெல்ல விட்டு ஈடு செய்யுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் அதிலும் குளோரின் உண்டு, பரலில் இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். காலையில் உடும்பு இனத்துக் கபரக்கொய்யா ஒன்று விளிம்பில் படுத்திருந்தால் கல்லெறிய வேண்டாம். அது தண்ணீர் குடிக்கவும் மீனைப் பார்க்கவும் வந்திருக்கும், சத்தம் கேட்டால் போய்விடும். எங்கள் வீட்டில் அம்மா அதோடு தினமும் சண்டை பிடிக்கிறார்.