பட்டறை ரவுட்டரின் வயதைப் பாருங்கள்

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறையை ஒரு நாட்டின் அரசு ஹேக்கர்கள் எதற்குத் தேடி வரவேண்டும்? உங்கள் கணக்கு வழக்கு அவர்களுக்கு வேண்டாம், ரவுட்டர் போதும். சீன அரசுசார் வோல்ட் டைஃபூன் குழு, அப்டேட் நின்றுபோன சிஸ்கோ, நெட்கியர் ரவுட்டர்களுக்குள் ஒளிந்துகொண்டுதான் அமெரிக்கக் கட்டமைப்புகளைக் குறிவைத்தது. அந்த ரவுட்டர்களில் புகுந்திருந்த மால்வேரை (கெடுதல் செய்யும் மென்பொருளை) நீதிமன்ற அனுமதியோடு அகற்றியதாக 2024 ஜனவரியில் அமெரிக்க அரசு அறிவித்தது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். சப்போர்ட், அதாவது பாதுகாப்பு அப்டேட் தருவது, முடிந்திருந்தால் ரவுட்டரை மாற்றியே ஆகவேண்டும். நன்றாக ஓடுகிறதே என்பது காரணமல்ல. சப்போர்ட் இருந்தால் ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பித்து, வெளியிலிருந்து இணையம் வழியாக ரவுட்டரை இயக்கவிடும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்'டை அணைத்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். சிசிடிவியையும் கணினி இயக்கும் சிஎன்சி மெஷினையும் ஒரே நெட்வொர்க்கில் வைக்காதீர்கள்.

ஹேக் ஆகிவிட்டதோ என்று சந்தேகம் வந்ததும் பலர் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார்கள். மால்வேர் போகலாம், ஓட்டை அடைபடாது, மறுபடி வரும். பல சின்ன ரவுட்டர்களில் லாகும் (என்ன நடந்தது என்ற பதிவும்) அழிந்துவிடும். முதலில் லாகைச் சேமியுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவுப்படி, ஹேக் நடந்தது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குச் சொல்லவேண்டும். லாக் 180 நாள் இருக்கவேண்டும்.