மூணாறுக்கு அப்பால் மூன்று சோலைகள்: காரில் முதன்முறை போகிறவர்களுக்கு

மூணாறு போகிறவர்களில் பெரும்பாலானோர் இரவிகுளத்தில் வரையாடு பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே மலையில் இன்னும் மூன்று தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன: ஆனைமுடி சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை. மூன்றுமே சிறியவை. பாம்பாடும் சோலை வெறும் 1.32 சதுர கிலோமீட்டர், சென்னை கிண்டிப் பூங்காவில் பாதிதான். இங்கே புலி தேடிப் போக வேண்டாம். சோலைக்காடு, அதாவது உயர்ந்த மலைகளில் புல்வெளிகளுக்கு நடுவே பள்ளங்களில் வளரும் குட்டையான பசுமைக்காடு எப்படி இருக்கும், அதிலிருந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்கத்தான் போக வேண்டும். உடுமலைப்பேட்டையில் கிளம்பி போடியில் இறங்கும் வழியைச் சொல்கிறேன்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர், ஜனவரி நல்லது. வானம் தெளிவாக இருக்கும், குளிரும் பலமாக இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூணாறு பக்கம் மழையும் மண்சரிவும் அதிகம், புதிதாக மலையில் ஓட்டுகிறவர்கள் தவிர்த்துவிடலாம். இரவிகுளத்தையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் பிப்ரவரி, மார்ச் வேண்டாம். வரையாடு குட்டி போடும் காலம் என்று பூங்காவை மூடி வைப்பார்கள்.

2. அனுமதியையும் தங்குமிடத்தையும் முதலில் முடியுங்கள்

சோலைக்குள் நம் இஷ்டத்துக்கு இறங்கி நடக்க முடியாது. நடைப்பயணம், காட்டுக்குள் தங்குவது எல்லாமே கேரள வனத்துறை வழியாகத்தான். மூணாறு வனவிலங்குக் கோட்டத்தில் முன்பதிவு செய்துகொண்டு கிளம்புங்கள். கோடையில் காட்டுத்தீ பயம் இருந்தால் அனுமதியை நிறுத்திவிடுவார்கள், அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. உள்ளூர் முதுவர், புலையர் பழங்குடி மக்கள் வழிகாட்டியாக வருவார்கள். அவர்களோடு ஒரு மணி நேரம் நடந்தால் போதும், நாமாகப் போனால் கண்ணில் படாத நூறு விஷயம் தெரியவரும்.

3. உடுமலையிலிருந்து மறையூர்

டேங்கை உடுமலையிலேயே நிரப்பிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புங்கள். மூணாறு வரை சுமார் 85 கிலோமீட்டர். முதலில் ஆனைமலைப் புலிகள் காப்பகம், எல்லை தாண்டியதும் சின்னார் சரணாலயம். செக்போஸ்ட்டில் வண்டியைப் பதிவு செய்வார்கள். அதற்குப் பிறகு நடுவழியில் நிறுத்துவது, இறங்கிப் படம் எடுப்பது, குரங்குக்கு பிஸ்கட் போடுவது எதுவும் கூடாது. அந்தி நேரத்தில் அமராவதிப் பக்கம் தண்ணீருக்கு வரும் யானைகள் சாலையைக் கடக்கும். பகலிலேயே இந்தத் தூரத்தைத் தாண்டிவிடுங்கள்.

சின்னார் மழைமறைவுப் பகுதி. முள்மரமும் வறண்ட பாறையுமாக இருக்கும். நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் வாழும் காடு இது. இங்கிருந்து மறையூர் ஏறும்போது காற்று மாறுவதை உணர்வீர்கள். ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். முள்காடு முடிந்து சந்தன மரங்கள் வரும், பிறகு கரும்பு, அப்புறம் தேயிலை. சில மணி நேரப் பயணத்தில் இத்தனை வகை நிலம் தெரிகிற சாலை தென்னிந்தியாவில் அதிகமில்லை என்றே நினைக்கிறேன். மறையூரில் முனியறைகளை, அதாவது கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் பாருங்கள், வெல்லம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனைமுடி சோலையில் சேர்ந்த மன்னவன் சோலை இங்கிருந்து காந்தலூர்ப் பக்கம். மரம் அளவுக்கு வளர்ந்த பெரணிகள் அங்கே உண்டு. ஆனால் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அந்தப் பக்கம் காரைத் திருப்ப வேண்டாம். இந்த மலைகளில் ஊறும் தண்ணீர்தான் பாம்பாறாக ஓடி அமராவதி அணைக்குப் போகிறது. உடுமலை, தாராபுரம், கரூர் வயல்கள் குடிப்பது இந்தச் சோலைகளின் தண்ணீரை. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஒரு பிளாஸ்டிக் கவரைக்கூட அங்கே போட மனம் வராது.

4. பாம்பாடும் சோலை

இரவு மூணாறில் தங்கிவிட்டு, விடிந்ததும் மாட்டுப்பெட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போங்கள், 32 கிலோமீட்டர். தேயிலைப் பெட்டிகளை மலைக்குக் கீழே இறக்கிய கம்பிவடப் பாதையின் உச்சி நிலையம் இங்கே இருந்தது. மூணாறிலிருந்து இதுவரை ரயிலும் ஓடியது, 1924 வெள்ளம் அதை அழித்துவிட்டது.

அடுத்து செக்போஸ்ட், அதைத் தாண்டினால் சாலை சோலைக்குள்ளேயே போகிறது. இங்கே அவசரப்படாதீர்கள். 20 கிலோமீட்டர் வேகமே அதிகம், ஹாரனைத் தொடவே வேண்டாம். மரங்கள் குட்டையாக, கிளையெல்லாம் பாசி பிடித்து நிற்கும். கருமந்திகளின் சத்தம் காலையில் நன்றாகக் கேட்கும். கழுத்தில் மஞ்சள் நிறம் கொண்ட நீலகிரி மார்ட்டென் என்ற அரிய விலங்குக்குப் பேர்போன இடம் இது. பார்ப்பது பெரும் அதிர்ஷ்டம். காட்டுமாடு எதிரே நின்றால் எஞ்சினை ஓடவிட்டபடி தள்ளியே நில்லுங்கள், அதுவாக நகரும்.

சோலை முடிந்ததும் வட்டவடை. தமிழ் பேசும் ஊர், படிப்படியாகக் காய்கறி வயல்கள், புவிசார் குறியீடு பெற்ற பூண்டு. சாப்பாடு இங்கே வைத்துக்கொள்ளலாம்.

முக்கியமான ஒன்று: இங்கிருந்து கொடைக்கானலுக்குப் பழைய பாதை ஒன்று வரைபடத்தில் தெரியும். அது பொதுமக்கள் வண்டிக்கு மூடப்பட்டது. கொடைக்கானல் பக்கத்தில்தானே என்று கிளம்பாதீர்கள், வந்த வழியே மூணாறு திரும்ப வேண்டும்.

5. இறங்கும் வழி

தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு வழியாக போடிநாயக்கனூர். மதிகெட்டான் சோலை பூப்பாறைக்கு அருகில்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கான காட்டு ஆக்கிரமிப்பு பெரிய விவகாரமான பிறகு 2003-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர். முதல் பயணத்தில் சாலையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். போடிமெட்டு இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள் தொடர்ந்து வரும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாவது கியரில் இறங்குங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். மதியம் இரண்டு மணிக்குள் பூப்பாறையை விட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்கு முன்பே போடி வந்துவிடலாம்.