கடற்குதிரைத் தொட்டி: தண்ணீரைக் கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மெல்பர்னில் போர்ட் பிலிப் விரிகுடாவின் படகுத்துறைகளுக்கு அடியில் மூழ்கிப் பார்த்தால், பாசியில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் பெருவயிற்றுக் கடற்குதிரைகளைக் காணலாம். அறிவியல் பெயர் ஹிப்போகேம்பஸ் அப்டாமினாலிஸ். என் வீட்டுத் தொட்டியில் இருக்கும் ஜோடியும் அதே இனம்தான், ஆனால் பண்ணையில் பிறந்து வளர்ந்தவை. நீங்களும் அப்படிப்பட்டதை மட்டும் வாங்குங்கள், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடலில் பிடித்தது வேண்டவே வேண்டாம். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 2001 முதல் கடற்குதிரை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

பெயரில் வயிறு இருந்தாலும் கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது. தின்றது சீக்கிரமே வெளியே வந்துவிடும், அதனால் தினமும் இரண்டு மூன்று வேளை தீனி போட வேண்டும். தீனி கூடினால் கழிவும் கூடும். இந்தத் தொட்டியில் தண்ணீர் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

1. உப்புத் தண்ணீர் தயாரித்தல்

குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், அதில் குளோரின் இருக்கும். ஆர்ஓ தண்ணீரில் மீன் தொட்டிக்கான கடல் உப்பைக் கலக்குங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் பிடிக்கும், சரியான அளவு பாக்கெட்டில் இருக்கும். ஒரு சிறிய பம்ப்பைப் போட்டு ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்ட பிறகு அளந்து பாருங்கள். அடர்த்தி 1.023 முதல் 1.025 வரை இருந்தால் சரி. ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பின் அளவு காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் அதை அவ்வப்போது 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் நீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை. மறுபடி உப்புத் தண்ணீரையே ஊற்றினால் தொட்டி நாளுக்கு நாள் கரிப்பாகும்.

2. தொட்டியைப் பழக்குதல்

கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் பாறையிலும் குடியேற வேண்டும். உயிர் எதையும் விடாமல் ஒரு துண்டு பச்சை இறாலைப் போட்டு வைத்தால், அது அழுகும்போது வரும் அம்மோனியாவைத் தின்று அவை பெருகும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளிர்ந்த நீரில் இன்னும் மெதுவாக நடக்கும் என்பதால் இந்தக் கட்டத்தில் சில்லர் என்ற நீர் குளிர்விக்கும் கருவியை ஓடவிடாதீர்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து, அங்கேயே நின்ற பிறகுதான் கடற்குதிரை வரலாம்.

3. குளிர்ச்சி

இந்த இனத்துக்கு 16 முதல் 19 டிகிரி வரை போதும். நீர் சூடானால் ஆக்சிஜன் குறையும், விப்ரியோ போன்ற நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகும். மெல்பர்ன் கோடையில் சில நாள் 40 டிகிரியைத் தொடும், ஆகவே சில்லர் இல்லாமல் இந்த இனத்தை வாங்காதீர்கள்.

4. தீனியும் மிச்சமும்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். உறைந்த மைசிஸ் இறாலை டீ வடிகட்டியில் போட்டு உருகவிட்டு, ஆர்ஓ தண்ணீரில் அலசுங்கள். உருகி வடியும் அந்தக் கலங்கல் நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. பிறகு தொட்டியில் எப்போதும் ஒரே இடத்தில், ஒரு சிப்பி ஓட்டில் தீனியை வையுங்கள். சில நாளில் தாமாகவே அங்கே வந்து நிற்கும். பக்கத்தில் நின்று கேட்டால், ஒவ்வொரு இறாலையும் உறிஞ்சும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்.

சத்தம் நின்று அரை மணி நேரம் கழித்து, மெல்லிய காற்றுக் குழாயால் மிச்சத்தை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுங்கள். ஒருமுறை பாறைக்குப் பின்னால் ஒதுங்கிய பத்துப் பதினைந்து இறாலை நான் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் இளம்பச்சையாக இருந்தது: அம்மோனியா 0.25 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு). பெண் குதிரை தீனியைப் பார்த்தும் திரும்பவில்லை, செவுள் வேகமாக அடித்தது. உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன், மறுநாள் மாலை மறுபடி 'டிக்' கேட்டது. அன்றிலிருந்து பாறைகளைக் கண்ணாடியிலிருந்து ஒரு கை நுழையும் அளவு தள்ளி வைத்திருக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

5. சோதனையும் நீர் மாற்றமும்

முதல் இரண்டு மாதம் நாள் விட்டு நாள், அப்புறம் வாரம் ஒருமுறை சோதியுங்கள். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழ், பிஎச் 8.1 முதல் 8.3. உப்பு நீரின் பிஎச் உயர்ந்தது என்பதால் கொஞ்சம் அம்மோனியாவே நன்னீரைவிட அதிகக் கேடு செய்யும். சோதனைக் கிட்டில் அம்மோனியாவின் நிறம் லேசாக மாறினாலே நீரை மாற்றுங்கள்.

வாரம் 15 சதவீதம் மாற்றினால் நன்றாக இருக்கும். 200 லிட்டர் தொட்டிக்கு 30 லிட்டர், உப்பு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும், அதை மெதுவாக ஊற்றுங்கள்.

கரண்ட் போனால்

கோடையில் இதற்குத் தயாராக இருங்கள். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று, ஃப்ரீசரில் தண்ணீர் நிரப்பிய இரண்டு மூன்று பாட்டில்கள். பாட்டிலை மூடியோடு மிதக்கவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை வெப்பமானியைப் பாருங்கள். சட்டென்று குளிர்ந்தாலும் ஆபத்துதான், ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் இறங்கினால் பாட்டிலை வெளியே எடுத்துவிடுங்கள். கரண்ட் வரும்வரை தீனி போட வேண்டாம்.