பட்டாளப் பயிற்சிக்குப் போகுமுன் திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

குடியாத்தத்திலிருந்து பரதராமி வரையிலும், எல்லையைத் தாண்டிச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும், வீட்டுப் பிள்ளை ஒருவன் பட்டாளத்தில் இருப்பது வியப்பான செய்தியன்று. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை மக்கள் ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். ஆயினும், ஆள்சேர்ப்புத் தேர்வில் வெல்வதற்கு இந்த வட்டாரம் காட்டும் அக்கறையில் கால்பங்குகூட, தேர்வான பிறகு தொடங்கும் பயிற்சிக்குக் காட்டப்படுவதில்லை. படையிலிருந்து ஓய்வு பெற்றபின், விடியற்காலைகளில் கௌண்டன்ய ஆற்றங்கரையில் இளைஞர்களை ஓடவைக்கும் நான், ஒவ்வோர் ஆண்டும் அதே சில தவறுகள் திரும்ப வருவதைப் பார்க்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றே: வலியை மறைப்பதுதான் மன உறுதி என்ற எண்ணம்.

தேர்வுக்கான தயாரிப்பே பயிற்சிக்கும் போதும் என்று நம்புவதிலிருந்து தவறு தொடங்குகிறது. தரைப்படையின் உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண்; கம்பியில் 10 முறை தம்மை மேலே இழுத்தால் 40 மதிப்பெண்; 9 அடிப் பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும். இவை எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பயிற்சி மையத்திலோ ஒருவன் விடியுமுன் எழுந்து, இரவு விளக்கணையும் வரை நிற்கவும் நடக்கவும் ஓடவும் குனிந்து நிமிரவும் வேண்டும். கனமான பூட்ஸோடு அணிவகுப்பு, பிறகு முதுகுச் சுமையோடும் துப்பாக்கியோடும் 5 கிலோமீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல் என்று அது மாதக் கணக்கில் நீள்கிறது. 1.6 கிலோமீட்டரை மட்டுமே வேகமாக ஓடிப் பழகியவனுக்கு நீண்ட நேரம் நிற்பதும் நடப்பதும் புதியவை. ஆகவே அழைப்புக் கடிதம் வந்தபின், வேகத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் நீண்ட நடை, அதில் மெதுவாகச் சேர்க்கும் முதுகுச் சுமை, ஒருநாள் முழு ஓய்வு என்று பழகிப் போனவர்கள் முதல் மாதத்தை நன்றாகக் கடந்ததைக் கண்டிருக்கிறேன். இதற்கு நேர்மாறாக, கடைசி மூன்று வாரம் தார்ச்சாலையில் தேய்ந்த ஷூவோடு காலையும் மாலையும் ஓடித் தள்ளுகிறவர்கள், பாதி உடைந்த காலோடுதான் ரயில் ஏறுகிறார்கள்.

உடைந்த கால் என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை. 1855-இலேயே பிரஷ்யப் படை மருத்துவரான பிரைட்ஹாப்ட், நெடுநடைக்குப் பின் சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதிவைத்தார்; பின்னாளில் எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது பாத எலும்பில் விழும் விரிசல் என்று தெளிவாயிற்று. எலும்பு புதிய சுமைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும்போது முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது, அதன் பிறகே புதியதைப் படியவைக்கிறது. இந்த இடைவெளியில், அதாவது கடும் பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில், தசை வலுப்பெற்று உற்சாகம் ஏறியிருக்கும். எலும்போ சற்றே நலிந்திருக்கும். அந்த நேரத்தில் கணைக்காலில் வரும் வலியைப் பிரித்தறியக் கற்றுக்கொள்வது மிக அவசியம். எலும்பின் ஓரமாக நீளவாக்கில் பரவலாக வலித்து, உடல் சூடேறியதும் குறைந்தால், அது பெரும்பாலும் தசையும் எலும்பின் மேல்சவ்வும் படும் பாடு. ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டால் துள்ளும்படி வலித்து, ஓட ஓட அதிகமாகி, இரவில் படுத்த பிறகும் குடைந்தால், விரிசல் இருக்கக்கூடும் என்று கருதி உடனே எம்.ஐ. ரூம் எனப்படும் மருத்துவப் பரிசோதனை அறைக்குப் போக வேண்டும். தொடக்கத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவதுண்டு. எனவே ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்ற பிறகும் வலி நீடித்தால் மறுபடியும் சொல்லத் தயங்கக் கூடாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் பயிற்சியின் ஆறாவது வாரத்தில் வலது காலில் இப்படியொரு வலி வந்தபோது, எம்.ஐ. ரூமுக்குப் போகிறவன் ஓபி அடிக்கிறவன் என்று பேர் வாங்குவான் என அஞ்சி, யாரிடமும் சொல்லாமல் வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு பதினைந்து நாள் ஓடினேன். முதல் நாளே சொல்லியிருந்தால் சில வார ஓய்வோடு முடிந்திருக்கக்கூடியது, முழு எலும்பு முறிவாகிக் கட்டுப் போட வேண்டியதாயிற்று. என் கூட்டாளிகள் பயிற்சி நிறைவு அணிவகுப்பான கசம் பரேடில் உறுதிமொழி எடுத்தபோது நான் ஊன்றுகோலோடு ஓரத்தில் நின்றேன். பிறகு எனக்கு இளைய அணியில் சேர்ந்து பயிற்சியைத் தொடர வேண்டியிருந்தது. என்னைத் தேற்றிய உஸ்தாத், அதாவது பயிற்றுநர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: துப்பாக்கியில் கோளாறு இருந்தால் மறைப்பாயா, சொல்வாயா?

வெப்பத்தைப் பற்றியும் நம் பிள்ளைகளுக்குத் தவறான துணிச்சல் உண்டு. வேலூர் வெயிலில் பிறந்தவனுக்கு எந்த வெயிலும் தாங்கும் என்பார்கள். நிழலிலிருந்து வெயிலைத் தாங்குவது வேறு, கனமான உடையோடு அதில் உழைப்பது வேறு. வெயிலில் உழைக்க உடல் பழகுவதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். காய்ச்சலிலிருந்து எழுந்தவனும் வயிற்றுப்போக்கு கண்டவனும் முதலிலிருந்து பழக வேண்டும். ஓடிக்கொண்டிருப்பவன் தடுமாறி, பேச்சுக் குழறி, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால் அதைச் சோர்வு என்று நினைக்காமல், உடனே நிழலில் கிடத்தி உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால், மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்கு முன் குளிர்விக்கும் அந்த நிமிடங்களே உயிரைக் காக்கின்றன. கடும் பயிற்சிக்கு மறுநாள் சிறுநீர் கறுந்தேயிலைச் சாயம்போல் இறங்கினாலும் காத்திருக்கக் கூடாது. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்தே. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்ச் சில பயிற்சி வீரர்கள் இறந்த பிறகு, அமெரிக்கத் தரைப்படை 1990-களின் இறுதியில் மணிக்கு ஏறத்தாழ 1.4 லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாதென்று வரம்பு வைத்தது.

குன்னூர் அருகே வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் போகிறவர்கள் நேர்மாறான ஒன்றைச் சந்திப்பார்கள்: ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம், அதிகாலைக் குளிர். கால்விரல் இடுக்குகளை உலர வைப்பதும், ஈரக் காலுறையை உடனே மாற்றுவதும் அங்கே அன்றாடக் கடமைகள்.

துணியை மடிப்பது, பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவது, படுக்கையை ஒரே அளவில் விரிப்பது ஆகியவற்றை அற்ப வேலை என்று நினைப்பவர்கள், பயிற்சி எதற்காக என்பதையே தவறவிடுகிறார்கள். தூக்கம் குறைந்து, உடல் அசந்து, தலைக்கு மேல் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போதும் கை தன் வேலையை முறைப்படி செய்து முடிக்கும் பழக்கமே அங்கே ஊட்டப்படுகிறது. பின்னாளில் இருட்டில் ஆயுதத்தைப் பிரித்துப் பூட்டும் கையும் இதே கைதான். ஒருவன் தவறுக்கு அணி முழுவதும் தண்டனை வாங்கும்போது, அவன்மேல் எரிந்து விழுவது இன்னொரு தவறு. வேகமாக முடித்தவன் பின்தங்கியவனின் சுமையைச் சரிசெய்யக் கற்றுக்கொள்வதற்காகவே அந்த ஏற்பாடு. இதில் நம் எல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு கொடுப்பினை உண்டு: தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் தென்னாட்டு இளைஞர்கள் ஒரே பாரக்கில் படுத்தெழும் மெட்ராஸ் ரெஜிமென்டில், தமிழும் தெலுங்கும் அறிந்தவன் இரண்டு கூட்டத்துக்கும் பாலமாவான். அந்த நிறைவில் இந்தியை விட்டுவிடக் கூடாது. கட்டளைகள் இந்தியில்தான் வரும். ‘சாவ்தான்’ (நேராக நில்), ‘விஷ்ராம்’ (இயல்பாக நில்) முதலிய சொற்களோடு, எண்களையும் உடலுறுப்புகளின் பெயர்களையும், ‘இங்கே வலிக்கிறது’ என்று சொல்லும் வாக்கியத்தையும் புறப்படுமுன்னரே படித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பயிற்சி அளிப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டாளத்து ரகடா (தண்டனைப் பயிற்சி) என்ற பெயரில், பதினேழு வயதுப் பிள்ளைகளை நடுப்பகலில் தரையில் உருட்டுவதும் நூற்றுக்கணக்கில் தவளைத் தாவல் போடவைப்பதும் சில இடங்களில் நடக்கின்றன. எங்கள் பக்கத்துப் பயிற்சிக்கூடம் ஒன்றில் அப்படித் தாவி முழங்கால் வீங்கிய ஒரு பையன், ஓட்டத் தேர்வன்று மைதானத்துக்கே வரமுடியாமல் அழுததை நான் மறக்கவில்லை. 1956 ஏப்ரல் 8 இரவு, அமெரிக்காவின் பாரிஸ் தீவு மரீன் பயிற்சி மையத்தில், ஒழுங்கு கற்பிப்பதாக ஒரு பயிற்றுநர் தம் அணியைக் கழிமுகச் சேற்று நீரில் இறக்கியதில் ஆறு இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள்; அதன் பின் அங்கே பயிற்றுநர்களைக் கண்காணிக்கும் முறையே மாற்றப்பட்டது. நமக்கு இன்னும் அருகிலேயே சான்று உண்டு. நெற்றிக்குறியும் காதணியும் கூடாதென்றும், தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையை அணிந்தாக வேண்டுமென்றும் ஆங்கிலேய அதிகாரிகள் ஆணையிட்டதன் விளைவான சிப்பாய்க் கிளர்ச்சியை 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டை கண்டது.

பெற்றோருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பையன் முதல் வாரங்களில் தொலைபேசியில் அழுதால், ‘திரும்பி வந்துவிடு’ என்பதும் தவறு, ‘ஊர் சிரிக்கும், பல்லைக் கடித்துக்கொள்’ என்பதும் தவறு. சாப்பிட்டாயா, தூங்கினாயா, காலில் எங்கேனும் வலி இருக்கிறதா என்று இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தால், மறுநாள் காலையே எம்.ஐ. ரூமுக்குப் போகச் சொல்லுங்கள்.