வாட்டர் வாஷ் கடை போடப் போகிறீர்களா? கணக்கு தப்புகிற இடங்கள்

ஆன்லைனில் பத்தாயிரம் ரூபாய் சுற்றளவிலேயே பிரஷர் வாஷர் வந்துவிடுகிறது. 'மெஷின் வாங்கிப் போர்டு மாட்டினால் கடை ரெடி' என்று இறங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

அந்த மெஷின் வாரம் ஒருமுறை வாசலில் சொந்த வண்டியைக் கழுவுவதற்கு. உள்ளே இருப்பது பெரும்பாலும் கார்பன் பிரஷ் மோட்டார். காலையிலிருந்து ராத்திரி வரை ஓட்டினால் சூடேறி, பிரஷ் தேய்ந்து படுத்துவிடும். கடைக்குப் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டாரும் பெல்ட்டில் ஓடும் பிளஞ்சர் பம்பும் (தண்டு முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரைத் தள்ளுவது) வேண்டும். விலை சில மடங்கு கூடுதல்தான். ஆனால் சீல், வால்வு மாற்றிக்கொண்டே வருஷக்கணக்கில் ஓட்டலாம். பெட்டியில் அழுத்தம் 130 பார் என்று போட்டிருப்பதோடு நிற்காமல், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்றும் பாருங்கள். பெயர்ந்த சேற்றை அடித்துக்கொண்டு போவது அதுதான்.

சரி, தண்ணீர்? நிமிடத்துக்கு 12 லிட்டர் தள்ளும் பம்பில் ஒரு பைக்குக்கு ஐந்து நிமிடம் ஸ்பிரே கன்னை அழுத்தினால் 60 லிட்டர். காருக்கு 150 லிட்டர் என்று வையுங்கள். நாளுக்கு 20 பைக், 5 கார் வந்தால் ஏறக்குறைய 2,000 லிட்டர். கோடையில் போர் கைவிட்டால் 12,000 லிட்டர் லாரி ஆறே நாளில் காலி. உப்புத் தண்ணீராக இருந்தால் இன்னொரு தலைவலி. கறுப்புக் கார் வெயிலில் காய்ந்ததும் பானட் முழுக்க வெள்ளைப் புள்ளி பூத்திருக்கும். வண்டிக்காரர் விரலால் தேய்த்துப் பார்ப்பார், உங்களைப் பார்ப்பார். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று தனியாக வேண்டும்; அதையும் செலவில் எழுதுங்கள். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். ஒல்லிக் குழாயில் தண்ணீர் போதாமல் பம்பு திணறினால் சீல் சீக்கிரம் போய்விடும்.

வீட்டு கரண்ட்டிலேயே ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்தி, 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் மாட்டினால் கட்டணம் இரு மடங்காகக் கணக்காகும். வணிக இணைப்புக்கான டெபாசிட்டை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

சாய்வான கான்கிரீட் தரை, மண் படியும் தொட்டி, எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தால் மெஷின் விலையைத் தாண்டிவிடும். இவை இல்லாமல் கிரீஸ் கலந்த சேறு தெருச் சாக்கடையில் இறங்கினால், மாநகராட்சிக்கு முன்னால் பக்கத்து வீட்டம்மா வந்துவிடுவார்.

யாரும் எழுதாத ஒரு செலவு உண்டு. புதுப் பையன் ஸ்கூட்டர் சுவிட்சுக்கு நேராகப் பீய்ச்சுவான். மறுநாள் காலை "ஹாரன் அடிக்கல தம்பி, செல்ஃபும் எடுக்கல" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பழைய காரில், தண்ணீரை ஊசி மாதிரி ஒரே கோடாக அடிக்கும் சிவப்பு நாசிலை நெருக்கிப் பிடித்தால் பெயின்ட்டே உரியும். மாசம் ஒன்றிரண்டு இப்படி வரும், கைக்காசுதான்.

அப்புறம், ஆயுத பூஜைக் கூட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் புரட்டாசியில் கடை திறக்கிறார்கள். பூஜை முடிந்த கையோடு ஐப்பசி மழை. வண்டியைக் கழுவ யார் வருவார்? கார்த்திகை வரைக்குமான வாடகையும் பையன்கள் சம்பளமும் கையில் இருந்தால் மட்டும் ஷட்டரைத் திறங்கள்.